அப்பாவுக்கு ஒரு பெரிய பாத்ரூம்

டைல்ஸ் ஒட்டிய பிறகு இருபத்து நான்கு மணி நேரம் அதன் மேல் கால் வைக்கக் கூடாது. பசை மூட்டையின் மேலேயே அச்சடித்திருக்கிறார்கள். பலர் அதை மதிப்பதில்லை. அதனால்தான் தட்டிப் பார்த்தால் உள்ளே பொள்ளலாகச் சத்தம் வருகிறது. நான் ஒட்டியவற்றில் ஒன்றுகூட அப்படிச் சத்தம் போடாது. ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொண்டு போய் நீங்களே தட்டிப் பார்க்கலாம், மேடம்.

நேரில் பேசாமல் இப்படி எழுதித் தருவதற்கு மன்னிக்கவும். எனக்குப் பேச வராது. பி.எஸ்சி. வேதியியல் கடைசி வருடம் வாய்மொழித் தேர்வில், வெளியிலிருந்து வந்த பேராசிரியர் என்னிடம் மூன்று முறை "கொஞ்சம் சத்தமா சொல்லும்மா" என்றார். விடை சரிதான். அவருக்குத்தான் கேட்கவில்லை.

எங்கள் அப்பா சவரிராயன் போன வியாழக்கிழமை மதியம் மூன்றாவது மாடி பால்கனியிலிருந்து கீழே விழுந்து இறந்தார். அவருக்குக் கண் தெரியாது. பால்கனியில் கம்பி கிரில் இல்லை. இதுவரை எஃப்.ஐ.ஆரில் நீங்கள் எழுதியிருப்பது எல்லாம் சரி. அதன் பிறகு, கிரில்லைக் கழற்றிவிட்டு மாட்டாமல் போனதும், பாத்ரூமுக்குரிய சொரசொரப்பு டைல்ஸைப் பால்கனியில் மாற்றி ஒட்டியதும் கொத்தனார் தனபால் என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. தனபால் அண்ணன் பழைய தரையை உடைத்துக் கொடுத்ததோடு சரி. ஒட்டியது நான்.

அவருடைய மனைவி நேற்று ஸ்டேஷன் வாசலில் தூக்குப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். பார்த்தேன். அதற்காக இதை எழுதவில்லை. அந்தத் தரையை வேறொருவர் போட்டதாக இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்பா சங்ககிரியில் லாரி ஓட்டியவர். சர்க்கரை கண்ணுக்கு ஏறி, நான் கல்லூரி முடித்த வருடம் பார்வை முழுதாகப் போய்விட்டது. அம்மா அதற்கு முன்பே இறந்துவிட்டார். அதன் பிறகு இந்தச் சின்ன வீட்டில் நாங்கள் இருவர்தான். நான் அவருக்குச் சமைத்தேன், ஊசி போட்டேன், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கைப்பிடித்துக் கூட்டிப்போனேன். அவர் என்னை அடித்ததில்லை, திட்டியதும் இல்லை. "சாமி" என்றுதான் கூப்பிடுவார். நீங்கள் அதைத்தான் முதலில் கேட்பீர்கள் என்பதால் சொல்கிறேன்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. லாரியைச் சந்துக்குள் விடும்போது டிரைவருக்கு ஓரம் தெரியாது. கிளீனர் இறங்கி நின்று குரல் கொடுப்பார். தடையில்லை என்றால் "போலாம், ரைட்". நிறுத்த வேண்டும் என்றால் "ஓல்டான்". கண் போன பிறகு அப்பா என்னைக் கிளீனர் ஆக்கிக்கொண்டார். நாற்காலி குறுக்கே கிடந்தால் "ஓல்டான்" என்பேன். நகர்த்திவிட்டு "போலாம், ரைட்" என்பேன். மாதா கோயில் படிக்கட்டில்கூட அப்படித்தான். பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கும். அப்பாவுக்குப் பெருமையாக இருக்கும்.

"கிளீனரு ரைட்டுன்னுட்டா டிரைவர் யோசிக்கப்படாது சாமி. யோசிச்சா வண்டி நகுராது" என்பார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் இளம்பிள்ளையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். ஓமலூரில் இருக்கும் இன்பமேரி அத்தை, அப்பாவின் தங்கை, ஏற்பாடு செய்தது. பையனின் முகத்தை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. காபி கொடுக்கும்போது கையை மட்டும் பார்த்தேன். சாயப்பட்டறையில் வேலை. நக இடுக்கில் நீலம் இருந்தது. எந்தச் சாயம் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

அவனுடைய அம்மா, "பொண்ணு அதிர்ந்து பேசாதாட்டம் இருக்குதுங்க" என்றார்.

"பேசுவாளுங்க. ரெண்டே வார்த்தைதானுங்க பேசுவா. போலாம், ஓல்டான்" என்றார் அப்பா. "இவ எனக்குக் கிளீனருங்க. கிளீனரக் கூட்டிக்கிட்டுப் போயிட்டீங்கன்னா நான் வண்டிய எப்பிடிங்க எடுக்கறது?"

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். நானும் சிரித்தேன். அவர்கள் மறுபடி வரவில்லை.

"சிரிப்புக்குத்தான் சாமி சொன்னேன். கோவிச்சுக்கிட்டியா?" என்று அப்பா அன்று மாலை கேட்டார். இல்லை என்றேன். அடுத்து வந்தவர்களிடமும் அதையே சொன்னார். அவர்களும் சிரித்தார்கள். நல்ல நகைச்சுவைதான்.

இதற்காகத்தான் எல்லாம் என்று நீங்கள் எழுதிக்கொள்ளக் கூடாது. எனக்கு வீட்டைச் சரிசெய்ய வேண்டும் என்ற எண்ணம் மட்டும்தான் இருந்தது.

எங்கள் வீட்டை நீங்கள் பார்த்தீர்கள். ஹாலிலிருந்து ஒரு சின்ன நடை. அதன் முடிவில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கதவுகள். இடது கதவு பாத்ரூம், வலது கதவு பால்கனி. பாத்ரூம் மிகவும் சிறியது. அப்பா திரும்பும்போதெல்லாம் முழங்கை சுவரில் இடிக்கும். முழங்கையில் எப்போதும் ஒரு காய்ப்பு இருந்தது. பால்கனி அதைவிடப் பெரியது. அதற்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது, தரையிலிருந்து மேல்வரை கம்பி கிரில் மட்டும்தான். அங்கே துணி காயப்போடுவதைத் தவிர ஒன்றும் இல்லை. இந்தக் கட்டடத்திலேயே இரண்டு வீட்டில் பால்கனியைச் சுவர் வைத்து அடைத்துப் பாத்ரூம் ஆக்கியிருக்கிறார்கள். நாமும் அப்படிச் செய்யலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். பழையதைச் சாமான் போட வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

அவருக்கு அவ்வளவு சந்தோஷம். அத்தைக்குப் போன் போட்டு, "எம் பொண்ணு எனக்குப் பெரிய பாத்ரூம் கட்டறா" என்றார். தூசி ஆகாது என்று ஒரு வாரம் ஓமலூருக்கு அனுப்பி வைத்தேன். அங்கே தெருவெல்லாம் சொல்லியிருக்கிறார்.

தனபால் அண்ணன் பால்கனியின் பழைய தரையை உடைத்து, துண்டுகளைப் பின்பக்கம் பால்கனிக்கு நேர் கீழே குவித்துப் போட்டார். லாரி வரும்வரை அங்கேயே கிடக்கட்டும் என்றேன். போகும்போது டைல்ஸ் பெட்டியைப் பார்த்துவிட்டு ஒன்று கேட்டார்.

"ஏனுங்க பாப்பா, சொரசொரப்பு டைல்ஸு வாங்கியிருக்கீங்க? இது பாத்ரூமுக்குல்லங்க போடறது?"

"சாரல் அடிக்குதுங்கண்ணா" என்றேன்.

"அப்பச் செரி" என்றார். உங்களிடமும் இதைத்தான் சொன்னாராம். நீங்கள் நம்பவில்லை.

மீதியை வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். பசையை எந்தப் பதத்தில் கலப்பது, சீப்புக் கரண்டியால் எப்படி வரிவரியாக இழுப்பது, தண்ணீர் ஓட எவ்வளவு வாட்டம் கொடுப்பது. ஆய்வகத்தில் டைட்ரேஷன் செய்வது போலத்தான். அவசரப்படாமல் இருந்தால் போதும். முதல் வரிசை கோணலாகப் போனது. ஈரம் காய்வதற்குள் பெயர்த்து மறுபடி ஒட்டினேன். வலது கதவுக்கு வெளியே ஒரு மிதியடி போட்டேன், ஈரக்காலைத் துடைக்க. பழைய வாளியையும் மக்கையும் அங்கே மாற்றினேன். புதுச் சோப்பைப் பிரித்து வைத்தேன். சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு ஸ்டீல் கம்பி மாட்டினேன். அதற்கு எதிர்வீட்டு வசந்தாமணி அக்காவிடம் டிரில்லிங் மெஷின் இரவல் வாங்கினேன்.

சுவர் மட்டும் எழுப்பவில்லை. செங்கல் வேலை எனக்கு வராது.

கண் தெரியாதவர்கள் ஒரு இடத்தை எதனால் அறிகிறார்கள் என்பதை நான் பல வருடம் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அப்பாவுக்கு முதலில் உள்ளங்கால். சொரசொரப்பு என்றால் பாத்ரூம், வழுவழுப்பு என்றால் வீடு. அடுத்து மூக்கு. பினாயில், சோப்பு. பிறகு காது. வாளியில் சொட்டு விழும் சத்தம். ஒரு தண்ணீர் பாட்டிலில் ஊசித் துளை போட்டுக் கம்பியில் தொங்கவிட்டேன். ஒரே சீராகச் சொட்டியது.

புதன்கிழமை மதியம் அத்தை அவரை ஆட்டோவில் ஏற்றிவிட்டார். கீழே போய்க் கூட்டிவந்தேன். அப்போதுதான் கடைசி டைல்ஸை ஒட்டி முடித்திருந்தேன். கிரில் இருந்தது. அதன் மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருந்தேன், அதனால் வெளிச்சமும் காற்றும் வரவில்லை. அப்பா வாசலில் குந்தி உட்கார்ந்து, கையை மட்டும் உள்ளே நீட்டி, முதல் வரிசையைத் தடவினார். உள்ளங்கையை வைத்து வாட்டம் பார்த்தார்.

"லெவலு அம்சமா வந்திருக்குது சாமி. கொத்தனாருகூட இப்பிடி ஒட்டமாட்டான்."

அவர் என்னைப் பாராட்டிய வேலை அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

"நாளைக்கு ரெண்டு மணி வரைக்கும் கால் வெக்கக் கூடாதுப்பா" என்றேன். பழைய பாத்ரூமில் சாமான் அடைத்திருந்தேன். அதுவரை வசந்தாமணி அக்கா வீட்டுக்குக் கூட்டிப்போனேன். ஒவ்வொரு முறையும் அந்த வீட்டில் மன்னிப்புக் கேட்டார்.

மறுநாள் சாப்பாட்டுக்கு முன், வாசற்படியிலிருந்து வெளிவிளிம்பு வரை ஒரு பலகை போட்டு, டைல்ஸில் கால் படாமல் தார்ப்பாயை அவிழ்த்து, கிரில்லைக் கழற்றினேன். அடிப்பகுதி துருப்பிடித்திருந்தது. இரும்பு, ஈரம், காற்று மூன்றும் சேர்ந்தால் துரு வரும். சுரண்டி, ரெட் ஆக்சைடு அடித்து ஹாலில் சாய்த்து வைத்தேன். நீங்கள் வந்தபோது அது ஈரமாகத்தான் இருந்தது. உங்கள் கான்ஸ்டபிள் ஒருவரின் சட்டையில்கூட ஒட்டியது. போல்ட்டுகள் ஒரு கிண்ணத்தில் மண்ணெண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கின்றன. ஒன்றும் தொலையவில்லை.

அப்பா தயிர்ச்சோறு சாப்பிட்டார். கை கழுவிவிட்டு, "ரெண்டு ஆயிருச்சா?" என்று கேட்டார். கொஞ்சம் இருக்கிறது என்றேன்.

"வயிறு முட்டுது சாமி. மறுக்கா அடுத்த ஊட்டுக்குப் போகக் கூச்சமா இருக்குது. நானே போயிக்கறேன், நீ சாப்பிடு."

இரண்டு ஆனதும் சொன்னேன். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். நடையில் சுவரைத் தடவிக்கொண்டே போனவர், வலது கதவின் முன்னால் நின்று, "தெறப்பு விழாவுக்கு ரிப்பன் எதுவும் கட்டலியா?" என்றார். தானே சிரித்துக்கொண்டார். கதவைத் திறந்தார்.

நான் சாப்பாட்டுத் தட்டோடு நடையின் இந்த முனையில் நின்றேன்.

நான் நினைத்திருந்தது இதுதான். அவர் போவார். நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்காது. தரை இருக்கிறது, அவர் நடப்பார். ஒருவர் தன் வீட்டில் எங்கே நடக்கிறார் என்பதற்கு இன்னொருவர் எப்படிப் பொறுப்பாக முடியும். இதை நான் பல தடவை யோசித்துச் சரிபார்த்திருந்தேன்.

ஒரு காலை வைத்தார். சொரசொரப்பை உள்ளங்கால் அடையாளம் கண்டுகொண்டது, முதுகு தளர்ந்ததிலேயே தெரிந்தது. கம்பியைத் தேடிப் பிடித்தார். இன்னொரு காலையும் வைத்தார். சொட்டுச் சத்தத்தின் பக்கம் தலையைச் சாய்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு நின்றுவிட்டார்.

"காத்து வருதே சாமி."

காற்றை நான் யோசிக்கவில்லை. தார்ப்பாய் இருந்தால் கிரில்லும் இருக்க வேண்டும், கிரில் போனால் காற்று வரும். இவ்வளவு எளிய விஷயம் எனக்குத் தோன்றவில்லை.

அவர் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி நின்றார். நான் பேசாமல் இருந்திருந்தால் திரும்பி வந்திருப்பார். அது எனக்குத் தெரியும். பழைய பாத்ரூமிலிருந்து சாமானை எடுத்துவிட்டு, மறுநாள் ஆள் வைத்துச் சுவர் எழுப்பியிருப்பேன். அவருக்குப் பெரிய பாத்ரூம் கிடைத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் படிக்கட்டில் அதையும் எல்லோரிடமும் சொல்லியிருப்பார்.

அவர் முகத்தைத் திருப்பவில்லை. இன்னொரு கையைத் தோளுக்கு மேல் பின்னால் நீட்டி விரலை ஆட்டினார். லாரி ஜன்னலுக்கு வெளியே நீட்டி ஆட்டுவாரே, அப்படி.

"கிளீனரே, போலாமா?"

வசந்தாமணி அக்கா இதைக் கேட்டிருக்கிறார். சவரிராயன் அண்ணன் யாரையோ கூப்பிட்டார், பதில் ஒன்றும் வரவில்லை என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார். முதல் நாள் நீங்கள், "கடைசியா அப்பாகிட்ட நீ ஏதாவது பேசினியாம்மா?" என்று கேட்டபோது நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். நீங்கள் என் தோளைத் தட்டிக்கொடுத்தீர்கள்.

பதில் சொன்னேன், மேடம். என் குரல் எதிர்வீடு வரை போகாது. ஆனால் அப்பாவுக்கு அது எப்போதும் கேட்கும், ஒருமுறைகூட என்னைச் சத்தமாகச் சொல்லச் சொன்னதில்லை.

"போலாம்ப்பா, ரைட்" என்றேன்.