முதல் பத்திரிகை யாருக்கு

"நீ ஜெயிச்சா பழனிசெட்டிபட்டியில எறங்கி உங்க அண்ணனுக்கு மொதப் பத்திரிகை. நான் ஜெயிச்சா சின்னமனூர் போயி எங்க அண்ணனுக்கு."

தேனியிலிருந்து கம்பம் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் ஒரு தம்பதி; பந்தயம் கட்டியது கணவர். அவள் மடியில் மகளின் கல்யாணப் பத்திரிகைக் கட்டு. அவர் போனில், அழிந்துபோன மிருகங்களின் படம் காட்டிப் பெயர் கேட்கும் விளையாட்டு.

"இது என்ன?"

"யானை."

"உடம்பெல்லாம் மயிரு இருக்கே."

"அப்ப மம்மூத்து. டிவியில பாத்திருக்கேன்."

"சரி, இது?"

"முதுகுல பலகை பலகையா நிக்குது. டைனோசரு."

"எந்த டைனோசரு?"

"மொறைக்கிறதப் பாத்தா உங்க அண்ணன்."

"அவுகள ஏன் இழுக்குற? பொண்ணுக்குப் பெரியப்பா அவுக."

"தாய்மாமனுக்கு வைக்காம வேற யாருக்கு மொதல்ல வைப்பாக? அடுத்ததக் காட்டுங்க."

அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து, துடைத்து, மாட்டிக்கொண்டு அடுத்த படத்தைக் காட்டினார்.

"ரெண்டு பல்லும் அருவா மாதிரி தொங்குது. புலிதான்."

"சரி, நீயே ஜெயிச்ச."

அவள் கட்டோடு எழுந்தாள். "எந்திரிங்க, பழனிசெட்டிபட்டி வந்துரும்."

"அது போயி நேரமாச்சு. நான் டிக்கெட்டே சின்னமனூருக்குத்தான் எடுத்தேன்."

அவள் உட்கார்ந்து, போனில் இருந்த புலியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இதெல்லாம் எப்படி அழிஞ்சுச்சுன்னு இப்பத் தெரியுது. பொண்டாட்டிய ஏமாத்தியிருக்கும்."