அக்கா பேரில் பால் வெட்டியவள்

எல்ஸி: விறகு பொளக்கையில செராய் தெறிச்சிச்சு. உள்ள கேட்டா அதையேதான் சொல்லப் போறேன்.

பெட்ரீசியா: சொல்லு. ஞாயித்துக்கிழமை கோயில்ல நன்மை வாங்குற வாய்தானே, நல்லா சொல்லும்.

எல்ஸி: மெதுவா பேசுக்கா... பக்கத்துல ஆளு இருக்கு.

பெட்ரீசியா: இருக்கட்டும்லா. ஆயர் தாவார்லேருந்து ரெண்டு பஸ் மாறி ஈப்போவுக்கு வந்தது பொய் சொல்லவா?

எல்ஸி: நானா வந்தேன்? நீதான் இழுத்துட்டு வந்தே. இந்த சொக்சோ நஷ்டஈட்டு ஆபீசுக்கு எழுதிப் போட்டதும் நீதான்.

பெட்ரீசியா: நான்தான். யூனியன் யேசுதாசன் அண்ணன் சொன்னாரு, வேலையில அடிபட்டவங்களுக்குத்தான் இந்தப் பணம். வீட்டுல விறகு பொளந்தவங்களுக்கு இல்ல.

எல்ஸி: அப்ப எனக்கு இல்ல. வா, போலாம்.

பெட்ரீசியா: உக்காரு. எங்க அடிபட்டே? என் மொகத்தைப் பாத்துச் சொல்லு.

எல்ஸி: எந்தக் கண்ணால பாக்க?

பெட்ரீசியா: அப்படிக் கேக்காதடி...

எல்ஸி: சும்மா சொன்னேன்க்கா. அழாத.

பெட்ரீசியா: அழல. நீ சொல்லு.

எல்ஸி: உனக்குத் தெரியாதா... உன் ரப்பர் மர நெரையிலதான். மரத்துல பால் வடியிற மங்கு கட்டுற கம்பியை இழுத்தேன். விட்டுத் தெறிச்சி நேரா கண்ணுல.

பெட்ரீசியா: என் நெரையில உனக்கு என்ன வேலை? கேப்பாங்க. சொல்லிப் பாரு.

எல்ஸி: உனக்கு முட்டி வீங்கிக் கெடந்துச்சு. மருந்து குடுக்குற டிரெஸ்ஸர் ரெண்டு நாள்தான் லீவு குடுத்தாரு. விடியக்காலையில பெரட்டுல பேர் கூப்பிடறப்ப ஆளு இல்லன்னா நெரையை வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. அதான் இருட்டுல பெட்ரீசியான்னு கூப்பிட்டப்ப நான் 'இருக்கேன்'னேன்.

பெட்ரீசியா: மூணு வாரம்.

எல்ஸி: மூணு வாரம். தோட்டத்துல எல்லாரும் செய்யிறதுதானே.

பெட்ரீசியா: வேலை மேய்க்கிற மாயாண்டி மண்டோருக்குத் தெரியும்ல?

எல்ஸி: தெரியாமயா? பால் வந்தா போதும்னு இருந்தாரு. நீயாவது பட்டையைக் கொஞ்சம் மெல்லிசா சீவுறேன்னு என்னைப் பாராட்டினாரு வேற.

பெட்ரீசியா: அப்ப நான் மரத்தைக் கொத்துறேனாமா? இரு, அவரைக் கேட்டுக்கறேன்.

எல்ஸி: கேளு, கேளு... ஆனா இங்க வேணாம்க்கா. பேரு உன் பேரு. கண்ணு என் கண்ணு. இதுக்கு எந்த ஆபீஸ்ல எழுதிக் குடுக்குற பாரம் வச்சிருக்காங்க?

பெட்ரீசியா: வேலை செஞ்சது நீ. அதைச் சொல்லு. பெரட்டுல பேர் இல்லாட்டியும் சாட்சி இருந்தா கேட்டுப் பாக்கலாம்னாரு அண்ணன்.

எல்ஸி: ஆஸ்பத்திரியில விறகுன்னு எழுதிட்டாங்களே.

பெட்ரீசியா: நீ சொன்னதைத்தானே எழுதினாங்க? ஏன்டி அப்படிச் சொன்னே?

எல்ஸி: ஆள் மாத்தினது தொரைக்குத் தெரிஞ்சா உன்னை நிப்பாட்டிருவாங்க. வேலை போனா வீடும் போயிடும். மச்சானும் இல்ல. மூணு புள்ளைங்களை வச்சிக்கிட்டு எங்க போவே?

பெட்ரீசியா: நீ எங்க போவே? ஊசியில நூல் கோக்க நேத்து அரை மணி நேரம் ஆச்சு.

எல்ஸி: கோத்துட்டேன்ல?

பெட்ரீசியா: கோத்தே. விரலையும் சேத்து.

எல்ஸி: பழகிக்குவேன்.

பெட்ரீசியா: இருவத்தாறு வயசுடி உனக்கு. இன்னும் எவ்ளோ காலம் கெடக்கு. நான் முட்டி சரியாகி நல்லா நடக்கறேன். உன்னைப் பாக்கறப்பலாம் எனக்கு... சரி, விடு. நம்பர் கூப்பிடறாங்க. பதினேழு. நீதான்.

எல்ஸி: போய் விறகுன்னு சொல்லிட்டு வாரேன். நீ எங்கூடப் பேசலன்னாலும் பரவால்ல. எனக்கு உன் வேலை நிக்கணும்.

பெட்ரீசியா: நில்லு. இந்தக் கடுதாசியைக் கையில வச்சிக்க. எனக்குப் பதிலா நீதான் பால் வெட்டினேன்னு நேத்து தொரை ஆபீசுல எழுதிக் குடுத்துட்டேன், கீழ மாயாண்டியும் கையெழுத்துப் போட்டிருக்காரு. பெரட்டுல என் பேரை அடிச்சி எடுத்துட்டாங்க எல்ஸி. நீ பொய் சொல்லிக் காப்பாத்துறதுக்கு அங்க இனிமே ஒண்ணும் இல்ல. போ, உன் பேரைச் சொல்லு.