அடைக்கல வரிசையில் பறித்த கீரை

முளைக்கீரையை வெங்காயத்தோடு வதக்கி, உதிரியாகக் கிண்டிய மக்காச்சோளக் களியோடு தின்றால் எனக்கு வேறெதுவும் வேண்டாம், ஐயா. எங்கள் போங்கோலா ஆற்றுப் பக்கத்தில் கீரைக்குப் பஞ்சமில்லை. என் நிலத்தில் மட்டும் ஒரு தழை முளைக்காது. நான் போட்டது மரபணு மாற்றிய புது மக்காச்சோள விதை. தண்டைத் துளைக்கும் புழு அதைத் தின்றால் சாகும். களைக்கொல்லி அடித்தாலும் பயிர் தாங்கும். கீரை தாங்காது, கருகிவிடும். அதனால் என் மனைவி பக்கத்து நிலத்துக்காரி மாகோசாவிடம்தான் பறித்து வருவாள்.

மாகோசாவுக்குக் கணவன் இல்லை, இரண்டு பெண்பிள்ளைகள். விவசாய அதிகாரி சொன்னதை அப்படியே செய்கிறவள். நிலத்தின் ஓரத்தில் சாதாரண விதையைப் போட்டு, மருந்தே அடிக்காமல் விடவேண்டும் என்பார் அவர். புது விதைக்குப் பழகாத புழுக்கள் அங்கே பிழைக்குமாம். புது விதையைத் தின்றும் சாகாத ஒன்றிரண்டு முரட்டுப் புழுவோடு அவை சேர்ந்தால்தான் அடுத்த தலைமுறைப் புழு அந்த விதைக்கு அடங்குமாம். அதற்கு அடைக்கல வரிசை என்று பெயர். மருந்து படாததால் மாகோசாவுக்குக் கீரை முளைப்பதும் அங்கேதான். புழுவுக்கு நிலம் ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. வருஷா வருஷம் வேலிவரை புது விதையையே போட்டேன்.

போன வருஷம் தண்டைப் பிளந்தால் உள்ளே புழு நெளிந்தது. இந்த வருஷம் கதிர் பிடிக்கும் முன்பே பயிர் ஒடிந்து விழுந்தது. வீட்டில் கஞ்சி தண்ணீராகிக்கொண்டே வந்தது. வரப்பில் உட்கார்ந்து அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் அவள் அடைக்கல வரிசை, இலையெல்லாம் ஓட்டையாக நின்றது. ஒருநாள் கேட்டேன்.

"புழுவுக்குப் படியளக்கிறியே மாகோசா, அதுங்க விருந்துக்கு என் வீட்டுக்குல்ல வருதுங்க?"

"உங்க புழுவை நீங்களேதான் வளர்த்தீங்க, கபசேலா." எங்கள் குலப்பெயரைச் சொல்லி மரியாதையாகத்தான் பேசினாள், ஆனால் சிரித்தாள். "என் வரிசையில இருக்குறது அப்பாவிங்க. நீங்களும் ஒரு ஓரம் விட்டிருந்தா இந்தக் கதி வந்திருக்குமா?"

அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை.

சந்தையில் பெயர் ஒட்டாத குப்பியில் ஒரு மருந்து விற்கிறார்கள். "வாடையே வராது. கையில படாம பாத்துக்கங்க அண்ணே, நாய் நக்குனாக்கூடச் செத்துடும்" என்றான் விற்றவன். ஞாயிற்றுக்கிழமை அவள் பிள்ளைகளோடு தேவாலயத்துக்குப் போனதும், வேலியைத் தாண்டி அந்த வரிசை முழுவதும் அடித்தேன். கீரை பயிரின் காலடியிலேயே தளதளவென்று இருந்தது. அதை மட்டும் விட்டு அடிக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்து கைகழுவினேன். "இந்த வாரம் அந்தப் பக்கம் போகாத, முட்டைக்கோஸ் ஆக்கு" என்று மனைவியிடம் சொன்னேன். இதைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். குடும்பஸ்தன் தன் வீட்டை முதலில் பார்ப்பதில் என்ன தப்பு?

மறுநாள் மாலை மாகோசா ஒரு பாத்திரம் நிறையக் கீரையோடு வந்தாள்.

"வீட்டம்மாவ காணோமே, அதான் நானே பறிச்சாந்தேன். அன்னிக்குப் பேசுனதை மனசுல வெச்சுக்காதீங்க, கபசேலா."

சொல்லியிருக்கலாம். சொன்னால் அடித்தது நான்தான் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். அடுத்த விதைப்புக்கு எவனும் எனக்கு உழவு மாடு தரமாட்டான். எங்கள் முறைப்படி இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டேன். மறுத்திருந்தால் அவள் மனம் வருந்தியிருக்கும்.

அவள் போனதும் குழி தோண்டி அதைப் புதைத்து மிதித்தேன். நிமிர்ந்தபோது அவள் வீட்டில் அடுப்புப் புகை எழுந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். புகை அடங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாகோசாவும் பிள்ளைகளும் விடிவதற்குள் செத்துப்போனார்கள். என் வயலில் புழு குறையவில்லை. எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா, ஆனால் மருந்தைக் கவனமில்லாமல் கையாண்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள். என் கோழிகளில் ஒன்றுகூடச் சாகவில்லை.