வாசலில் போட்ட ஆம்பளைச் செருப்பு

விராலிமலையில் பஸ் ஏறிய இரண்டு காலேஜ் பிள்ளைகள் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி போட்டிக்காக எழுதிய கதையைச் செல்போனில் படித்த மற்றவள் சொன்னாள்:

"புருஷன் சிங்கப்பூர்ல இருக்கான், இவ தெனமும் அவன் செருப்புல சேத்தப் பூசி வாசல்ல போடுறா. அசந்துட்டேன்டி!"

"ஆம்பள இப்பத்தான் வீட்டுக்கு வந்தாப்புல தெரியணும்ல."

"அப்பறம் எதுக்குக் கடைசியில 'அவள் பயத்தோடு வாழ்ந்தாள்'னு ஒரு வரி? அதை அழி."

"அழிச்சா படிக்கிறவங்களுக்குப் புரியணுமே. பரிசு போயிட்டா?"

"பயமில்லாதவ எதுக்குடி சேத்தத் தேடிப் போறா? செருப்பே சொல்லிருச்சு, நீ வேற எதுக்கு?"

எழுதியவள் செல்போனை வாங்கினாள். அந்த வரியை அழித்துவிட்டுக் கதையைப் போட்டிக்கு அனுப்பினாள். மனசுக்குள் சபாஷ் போட்டுக்கொண்டேன்.

அப்புறம் அவள் மெதுவாகக் கேட்டாள்: "எங்கம்மாவுக்குப் படிச்சுக் காட்டுனா புரியுமாடி?"

"சேறு பூசுனவங்களுக்கே புரியாதா?"