சாலமோனுக்கு நான் கொடுத்த புத்தகம்

புத்தகத்தின் மூலையை மடித்து வைப்பவர்களை எனக்குப் பிடிக்காது. துண்டுக் காகிதம் ஒன்றைச் செருகி வைத்தால் போதுமே. சாலமோன் அப்படித்தான் செய்வார். அதனால் ஆரம்பத்திலிருந்தே அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், மேடம்.

என் பெயர் துளசிராமன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பி ஆலையில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். பதினோரு வருடமாக ஞாயிறுதோறும் வாட்ஸ்அப் குழுவில் ஒரு புத்தகத்தைப் பற்றி எழுதிவருகிறேன். ஒரு வாரம் நாவல், மறுவாரம் வரலாறோ அறிவியலோ. ஆலை ஆட்கள், அவர்களுடைய உறவுக்காரர்கள், இரண்டு ஆசிரியைகள் என்று முந்நூற்றுச் சொச்சம் பேர் குழுவில் இருக்கிறார்கள். எந்தப் புத்தகத்தையும் இரண்டு முறை படிக்காமல் நான் எழுதியதில்லை.

என்ன பிரயோஜனம்? நான் எழுதியதைப் போட்ட அரை நிமிடத்தில் கைகூப்பும் படம் வந்து விழும். அத்தனை வரிகளை அரை நிமிடத்தில் யாரால் படிக்க முடியும்? கேன்டீனில் ஃபோர்மேன் குப்புராஜ், "சூப்பரா எழுதிக்கினு வர்றீங்க சார்" என்பார். எந்தப் புத்தகம் என்று கேட்டால், "அதான் சார், அட்டையில ஆறு ஓடுமே" என்பார். ஆறு ஓடியது போன வருடத்துப் புத்தகத்தில்.

போன ஆடியில் ஒரு சோதனை செய்தேன். இல்லாத ஒரு நாவலுக்கு, இல்லாத ஓர் எழுத்தாளர் பெயரைப் போட்டு மதிப்புரை எழுதினேன். நூற்றுப் பத்துப் பேர் பாராட்டினார்கள். ஓர் ஆசிரியை, கல்லூரி நாளிலேயே அதைப் படித்து அழுததாக எழுதினார்.

நான்காம் நாள் சாலமோன் குழுவில் குரல் பதிவு போட்டார். "சார், பொன்னேரி லைப்ரரில கேட்டேன். மெட்ராஸ்ல நாலு கடைக்கு போன் அடிச்சேன். அப்டி ஒரு புக்கே கெடையாதாம். இன்னா சார், உங்களையே எவனோ ஏமாத்திட்டானா?"

நான் ஏமாற்றினேன் என்றுகூட அவர் நினைக்கவில்லை. அதுதான் பொறுக்கவில்லை. குழுவே சிரித்தது.

சாலமோன் ஆலையின் எடைமேடையில் வேலை பார்த்தார். எளாவூரில் வீடு. லாரிக்கும் லாரிக்கும் நடுவில் படிப்பார். நான் புகழ்ந்த ஒரு நாவலைப் பற்றி, "கடைசி அம்பது பக்கம் எழுதனவருக்கே பேஜாராப் பூட்ச்சி சார்" என்றார். சரியாகத்தான் சொன்னார். அந்த ஆடிக்குப் பிறகு எல்லோரும் அவரிடம் கேட்க ஆரம்பித்தார்கள். "சாலமோன்ணா, இத்தப் படிக்கலாமா?" அவர் மூன்று வார்த்தையில் பதில் போடுவார். ஆட்கள் போய்ப் புத்தகத்தை வாங்கினார்கள். படிக்கவும் செய்தார்கள்.

கதை அல்லாத புத்தகங்களில் மட்டும் அவர் என்னை மறுத்ததே இல்லை. "கதைன்னா நான் வாயத் தொறப்பேன் சார். விசயம் சொல்ற புக்குன்னா நீங்க சொன்னா சரி."

அவருக்கு எட்டு வருடமாகச் சர்க்கரை. தினம் இரண்டு வேளை இன்சுலின் ஊசி.

தை மாதம் ஒரு புத்தகம் கண்ணில் பட்டது. ஊசியை நிறுத்திவிட்டுக் கஷாயத்தால் நாற்பது நாளில் சர்க்கரையை விரட்டலாம் என்றது. இரண்டு முறை படித்தேன். முழுப் பொய். ஆனால் நடை நன்றாக இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். குழுவில் அதைப் பற்றி எழுதவில்லை. ஒரே ஒரு வாசகருக்குப் பரிந்துரைத்தேன்.

முதல் தாளில் பதிப்பாளரின் குறிப்பு ஒன்று இருந்தது: மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தக் கூடாது. பிளேடு வைத்து அந்தத் தாளை அடியோடு நறுக்கி எடுத்தேன். அந்த மாதிரிக் குறிப்புகள் வாசிப்பின் ஓட்டத்தைக் கெடுக்கும்.

"நீங்க படிச்சீங்களா சார்?" என்று சாலமோன் கேட்டார்.

"ரெண்டு தடவை."

"நம்பலாமா?"

"நம்பலாம். பாதியில மட்டும் விட்டுடாதீங்க."

எட்டாம் நாள் அவர் மனைவி மேரி ஸ்டோர்ஸ் வாசலுக்கே வந்துவிட்டார். "சார், ஊசியே போட மாட்டேன்றாரு. நாக்கு வறண்டு தண்ணியாக் குடிச்சிக்கினே கீறாரு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாரு சார்."

நான் சொன்னால் கேட்பார். பதினோரு வருடத்தில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. அதைக் கொஞ்ச நேரம் மனதுக்குள் வைத்துப் பார்த்தேன்.

"மொதல்ல அப்டித்தான் இருக்கும்மா. உடம்பு சுத்தமாவுதுன்னு புக்லயே போட்டிருக்கு" என்றேன்.

மேரி போய்விட்டார்.

பதின்மூன்றாம் நாள் எடைமேடை அறையில் சாலமோன் சுருண்டு கிடந்தார். வெளியே எட்டு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தார். அவ்வளவுதான்.

அந்த ஞாயிறு குழுவில் இரங்கல் எழுதினேன். இதுவரை நான் எழுதியதிலேயே அதுதான் சிறந்தது. ஏழாவது பத்தியில், எந்தப் புத்தகத்தை யார் கொடுத்தது, எந்தத் தாளை யார் நறுக்கியது என்று ஒளிக்காமல் போட்டிருந்தேன். அரை நிமிடத்தில் கைகூப்பும் படங்கள் வந்தன. "அருமை சார்" என்று குப்புராஜ் போட்டார். நாலு நாள் காத்திருந்தேன், மேடம். ஒருவர்கூட ஏழாவது பத்திவரை போகவில்லை. ஐந்தாம் நாள், கணவருடைய போனைத் திறந்து பார்த்த மேரிதான் முழுவதும் படித்தார். படித்துவிட்டு நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்தார்.

ஆமாம், தாளை நறுக்கியது நான். ஊசியை நிறுத்தினால் அவர் பிழைக்க மாட்டார் என்று தெரிந்தேதான் கொடுத்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் காரணம் பொறாமை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒரு மனிதரைப் பார்த்து நான் எதற்குப் பொறாமைப்பட வேண்டும்?