ஜூஸ் கொட்டுன லேப்டாப்

அதான் சொன்னேன்ல, அவரும் ஈரம் இழுக்கும்னு லேப்டாப்பை அரிசி டப்பாவுக்குள்ள சொருகி வெச்சுட்டுதான் கொண்டு வந்தாரு. லேப்டாப்ல எது கொட்டுனாலும் எல்லாரும் அதைத்தான் பண்றாங்க. கீபோர்டு இடுக்குலருந்து ரெண்டு அரிசி என் ரிப்பேர் கடை மேஜைல விழுந்துச்சு. நான் சிரிச்சேன், அவரும் சிரிச்சாரு. நல்லாத்தான் ஆரம்பிச்சுது.

கல்யாண வீடியோ எடுக்கற ஸ்டுடியோக்காரர் அவரு. என்னை அடையாளம் தெரியல. எப்படித் தெரியும், அப்போ எனக்கு மீசையே ஒழுங்கா முளைக்கல. இப்போ தாடி, கண்ணாடி, வேலை செய்யும்போது மூஞ்சில மாஸ்க் வேற. எனக்கு அவரைக் குரல்லயே தெரிஞ்சுருச்சு.

"தம்பி, லேப்டாப் போனா போகுது. உள்ள என் பொண்ணோட அம்மா இருக்கா. போன வருஷம் தவறிட்டா. அவ வீடியோ எல்லாம் இதுல மட்டும்தான் இருக்கு."

"ஊருக்கெல்லாம் எடுத்துக் குடுக்கறீங்க, சொந்த வீட்டுக்கு ஒரு காப்பி இல்லையாண்ணே?"

"ஆளே பக்கத்துல இருக்கும்போது காப்பி எதுக்குன்னு இருந்துட்டேன் தம்பி."

பக்கத்துல அவர் பொண்ணு. ஒண்ணாங்கிளாஸ் படிக்கும்னு நினைக்கறேன். மேஜை விளிம்புல தாடையை வெச்சுகிட்டு, "நான்தான் ஜூஸைக் கொட்டுனேன்"னு மெதுவா சொல்லுச்சு. யாரும் கேக்கவே இல்ல.

இந்த மாடல் லேப்டாப் பத்தி சொல்லியே ஆகணும், எனக்கு ரொம்பப் புடிச்ச சமாச்சாரம். இதுல டிரைவைத் தனியா கழட்டவே முடியாது, போர்டோட ஒட்டிப் பொறந்த மாதிரி இருக்கும். ஃபைலையெல்லாம் பூட்டி வெச்சிருக்கும், சாவியும் அதே போர்டுலதான். போர்டு செத்தா சாவி போச்சு, அப்புறம் எந்தக் கொம்பன் வந்தாலும் ஒண்ணும் எடுக்க முடியாது. அதனால போர்டைக் கழுவி, கருகுனதை மாத்தி, ஒரு தடவையாவது எழுப்பி உக்கார வெச்சு, மறுபடி மூச்சு நிக்கறதுக்குள்ள எல்லாத்தையும் காப்பி எடுத்துரணும். கிட்டத்தட்ட ஆபரேஷன் மாதிரி. செம்மயா இருக்கும்.

ஜூஸ் சார்ஜர் பக்கம் மட்டும்தான் போயிருந்துச்சு. டிரைவ் பக்கம் ஒரு சொட்டு கூட இல்ல. ஸ்பிரிட் ஊத்தி பிரஷ் போட்டேன், பொசுங்கிப் போன ஒரு குட்டி பார்ட்டை மாத்துனேன், மதியச் சாப்பாட்டுக்குள்ள எழுந்து உக்காந்துருச்சு. எல்லா ஃபைலும் வந்துச்சு. ஒண்ணு கூட பாக்கி இல்லாம என்கிட்ட எடுத்துகிட்டேன்.

அப்புறம் டிரைவ் சிப் மேல உப்புத் தண்ணி விட்டு பவர் குடுத்தேன். சின்னதா ஒரு புகை, அவ்ளோதான். இதை வேற கடைக்குத் தூக்கிட்டுப் போய், அங்க இருக்கற பசங்க நேரமும் வீணாப் போகக் கூடாதுல்ல.

ஏன்னு கேப்பீங்க. எங்க அக்கா கல்யாணத்துல எங்கம்மா மைக் புடிச்சுப் பேசுனாங்க. ஜென்மத்துல மைக் புடிக்காதவங்க. கூச்சத்துல பாதி பேச்சு, பாதி சிரிப்பு. என்னைப் பேர் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டாங்க, நான் வெக்கப்பட்டு ஓடிட்டேன். அடுத்த மாசமே அம்மா போயிட்டாங்க. வீடியோ வாங்கப் போனா, காப்பி எடுத்தாச்சுன்னு நெனச்சு இன்னிக்குக் காலைலதான் மெமரி கார்டை அழிச்சுட்டேன்னாரு இவரு. "கார்டையாவது குடுங்கண்ணே, யார்கிட்டயாவது காட்டறேன்"னு அழுதேன். அழிச்ச கார்டுல எல்லாம் அப்படியேதான் இருக்கும், அது மேல வேற எதையும் எடுக்காத வரைக்கும். அது இப்போ எனக்குத் தெரியும்.

"சாயங்காலம் வேற கல்யாணம் இருக்கு தம்பி, கார்டு வேணும். விடு, அம்மா மனசுல இருக்காங்கல்ல"ன்னாரு. சொல்லிகிட்டே என் கண்ணு முன்னாடி கார்டைக் கேமராவுல சொருகுனாரு.

அந்த வெறியிலதான் இந்தத் தொழிலையே கத்துகிட்டேன். ஒருவிதத்துல அவருக்கு நன்றி சொல்லணும்.

அப்பனையும் பொண்ணையும் கடைக்கு வரச் சொன்னேன். "வரலண்ணே. ஜூஸ் டிரைவுக்குள்ள போயிருச்சு." அவரு அப்படியே சேர்ல உக்காந்துட்டாரு. நான் தோளைத் தொட்டு, "விடுங்கண்ணே, மனசுல இருக்காங்கல்ல"ன்னேன். அப்பவும் அவருக்கு ஞாபகம் வரல. தலையை ஆட்டுனாரு, அவ்ளோதான்.

பொண்ணு என்னை நிமிந்து பாத்து, "நான் கொட்டலன்னா அம்மா வந்திருப்பாங்களாண்ணா?"ன்னுச்சு.

சின்னப் புள்ளைங்ககிட்ட பொய் சொல்றது எனக்குப் புடிக்காது. "வந்திருப்பாங்கம்மா"ன்னேன்.

ஃபைலையெல்லாம் அதுக்கு அப்புறம்தான் உக்காந்து பாத்தேன். உள்ள ஒரு ஃபோல்டர், 'அழுத தம்பியோட அம்மா'ன்னு பேரு. தொறந்தா நாப்பது செகண்ட் வீடியோ. எங்கம்மா. அதே மைக், அதே சிரிப்பு, என் பேரு. எடிட்டிங் சரியா வருதான்னு பாக்க அன்னிக்கே ஒரு துண்டு வெட்டி வெச்சிருப்பாரு போல, அப்புறமா தேடிக் கண்டுபுடிச்சு எனக்குன்னு பேர் போட்டு வெச்சிருக்காரு. ஸ்டுடியோலருந்து போன் வருதுடான்னு அக்கா கூட அப்போ சொன்னா. அந்த நம்பரை பிளாக் பண்ண வெச்சது நான்தான்.

அதனால என்ன. வீடு தேடி வந்து குடுத்திருக்கலாம்ல.

இப்போ நான் சாப்பிடும்போது அந்தப் பொண்ணோட அம்மா வீடியோதான் ஓடும். பொண்ணைத் 'தங்கம்'னு கூப்பிடுவாங்க. எங்கம்மாவும் என்னை அப்படித்தான் கூப்பிடுவாங்க. ஒரு வீடியோல அந்தக் குட்டி பால் டம்ளரை அவங்க மடிலயே கவுத்துரும். அது மூஞ்சி அழுகைக்குப் போகும். அவங்க சிரிச்சுகிட்டே, "கொட்டுனா கொட்டட்டும் தங்கம், துடைச்சா போச்சு"ம்பாங்க.

நேத்து அவரு போன் பண்ணாரு. பொண்ணு இப்போ தண்ணி குடிக்கறதா இருந்தா கூட சிங்க் மேல குனிஞ்சுகிட்டு, டம்ளரை ரெண்டு கையால இறுக்கிப் புடிச்சுகிட்டுதான் குடிக்குதாம். யாரும் சொல்லித் தரலையாம். "நல்ல பழக்கம்தானேண்ணே"ன்னேன்.

"ஏதாவது ஒரு துண்டாவது கிடைக்குமா தம்பி? எனக்காக இல்ல, இவளுக்காக."

இன்னொரு தடவை பாக்கறேன்னு சொல்லியிருக்கேன். நான் ஒண்ணும் ராட்சசன் கிடையாதே. நாப்பது செகண்ட் குடுத்துரலாம்னு இருக்கேன். அவரு எனக்கு எவ்ளோ வெச்சிருந்தாரோ அவ்ளோ, அதுக்கு மேல ஒரு செகண்ட் கிடையாது. அதோட கணக்கு சரியாப் போயிரும், அப்புறம் எனக்கு யார் மேலயும் கோபமே இல்ல.

பால் கொட்டற வீடியோவை மட்டும் குடுக்க மாட்டேன். அது ஓடுனாதான் எனக்குச் சோறு இறங்குது. மத்ததையெல்லாம் வரிசையா எடுத்து வெச்சுட்டேன். அவங்க ஜன்னலோரம் தூங்கறது ஒண்ணு இருக்கு. பொண்ணுக்குத் தலை வாரி விடறது ஒண்ணு, அதுல மூஞ்சி தெரியாது, குரல் மட்டும் வரும். பஸ்ல ஏறிகிட்டே கை ஆட்டறது ஒண்ணு. இதுல எதைக் குடுத்தா அந்தப் புள்ளைக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கும், நீங்க என்ன நினைக்கறீங்க?