மேல்மாடிக்குப் போன தூது

சூப் ஆற முதல் குடிக்க வைக்கிறதிலை என்னை மிஞ்ச அந்த ஹோமிலை ஆளில்லை. அதை முதல் சொல்லிப்போட்டு நீங்கள் கேட்டதுக்கு வாறன்.

எண்பத்தாறிலை லண்டன் நோர்பரியிலை, வயது போன ஆக்களைப் பாக்கிற ஹோமிலை எனக்கு வேலை. கீழ் அறையிலை மனோலெ எண்ட ருமேனியாக்காரர், படுத்த படுக்கை. முந்தி நிதி நிபுணர். ஹங்கேரிக்காரரின்ரை காணியளை ருமேனியா எடுத்து, இருபதுகளிலை பிரச்சினை வழக்காகி ஜெனீவாவுக்குப் போகேக்கை கணக்குக் காட்ட இவரை அனுப்பினவையாம். கணக்கோடை வாயும் நல்லம், அப்பிடியே ராஜதந்திரி ஆகிட்டார். பாரிஸ், பிறகு லண்டன்.

மேல் அறையிலை பாலோக். அதே வழக்கிலை ஹங்கேரிப் பக்கம் நிண்ட வக்கீல். அவருக்கும் நடக்க ஏலாது. வழக்கு எப்பவோ முடிஞ்சுது, இவைக்கு முடியேல்லை.

நான்தான் தூது.

"அந்தக் காணிக் கள்ளன் இன்னும் இருக்கிறானோ எண்டு கேள்" எண்டு மேலை இருந்து வரும்.

"நான் இருக்கிறன், அவன்ரை வாதம்தான் செத்துப்போச்சு எண்டு சொல்லு" எண்டு கீழை இருந்து போகும்.

சிரிச்சுச் சிரிச்சுச் சூப் கோப்பையை வழிச்சுப்போடுவினம். என்னை, பெரிய தூதுவரைக் கூப்பிடுற மாதிரி, "எக்ஸலன்சி" எண்டுதான் கூப்பிடுவினம். கூட வேலை செய்யிற இம்மாகுலேற், "தூதுவர் அண்ணை, பெட்பான் கழுவியாச்சோ?" எண்டு பகிடி பண்ணும்.

மாசியிலை ஒரு நாள் பாலோக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு இருந்தார்.

"வழக்கை வாபஸ் வாங்கிறன் எண்டு சொல்லு. அவனைக் கதிரையோடை தூக்கிக்கொண்டு வாங்கோ. ஒருக்காப் பாக்கவேணும்."

நான் யோசிச்சன். சமாதானம் வந்தால் பிறகு எக்ஸலன்சி எதுக்கு? சண்டை இல்லாட்டில் அவைக்கும் சாப்பாடு இறங்காது. அவையின்ரை நன்மைக்குத்தான் செய்தனான். கீழை போய், "இண்டைக்கும் கள்ளன் எண்டுதான் சொல்லுறார்" எண்டன். மனோலெ சிரிச்சார். மேலை போய், "வரமாட்டாராம்" எண்டன்.

பாலோக் கழுத்துப்பட்டியைக் கழட்டவிடேல்லை. ஞாயிறு விடிய அதோடைதான் செத்துக் கிடந்தார்.

"நீர்தான் மனோலெயோடை நல்லமாதிரி. பக்குவமாச் சொல்லும்" எண்டு ஹோமுக்குப் பொறுப்பான மேட்ரன் என்னட்டை விட்டா. நான் சொல்லேல்லை. ஒவ்வொரு நாளும் மேலை இருந்து ஒரு புதுப் பேச்சுக் கொண்டு வந்தன். பாலோக் உயிரோடை இருந்ததைவிட இப்பதான் நல்லாப் பேசினார். மனோலெயும் நல்லாச் சாப்பிட்டார்.

சித்திரையிலை மனோலெ என்ரை கையைப் பிடிச்சார்.

"போதும், எக்ஸலன்சி. அவன்தான் வெண்டவன் எண்டு சொல்லு. என்னை மேலை வர விடுவானோ எண்டு கேள்."

நான் படியேறினன். மெத்தையைச் சுருட்டி வைச்சிருந்தது. ஒரு ஆளைக் கேட்டு மறுமொழி வாங்கிற அளவு நேரம் நிண்டன். பிறகு இறங்கி வந்து, "ஏலாதாம்" எண்டன்.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பினார். அதுக்குப் பிறகு ஒண்டும் வாயிலை வைக்கேல்லை. அந்த மாதம் முடிய முதல் போயிட்டார்.

அப்பதான் குசினிக்குப் புது ஆள் வந்தது. அந்தாளுக்குச் சூப் காய்ச்சத் தெரியாது. மனோலெ ஏன் சாப்பிடாமல் விட்டவர் எண்டு நீங்கள் விசாரிக்கிறதெண்டால் அந்தாளைத்தான் விசாரிக்கவேணும்.